வாலிபருக்கு நிலம், செத்தலுக்கு விலை
வன்னி: நிலமும் வாழ்வும் – பகுதி 11

கிளிநொச்சி நகரம் வேலையில்லாத் திண்டாட்டத்துக்குப் பரிகாரமாகப் பிறந்தது. 1936இல் இரணைமடுக் குளத்தை அண்டிக் காடு வெட்டிக் குடியேற்றம் தொடங்கியபோது, யாழ்ப்பாணக் குடாநாட்டின் நெரிசலையும் அங்கு வேலையற்றிருந்தோர் தொகையையும் குறைப்பதே அதன் நோக்கமாக இருந்தது. குடாநாட்டில் காணி தலைமுறைக்குத் தலைமுறை பரப்புக் கணக்கில் துண்டாகிக்கொண்டிருந்தது. ஆங்கிலம் படித்துவிட்டு மலாயாவுக்கு எழுதுவினைஞராகவும் ரயில்வே ஊழியராகவும் போகும் பழைய வழி, 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் அடைபட்டுப்போயிற்று. கொழும்பு அரசாங்க சேவையால் அத்தனை பேரையும் தாங்க முடியவில்லை. ஆனையிறவைக் கடந்து தெற்கே வந்தால் ஆளரவமற்ற காடு. 1902இல் தொடங்கி 1920களின் முற்பகுதியில் கட்டி முடித்த பெரிய குளம். 1905 முதல் ஓடிக்கொண்டிருந்த ரயில். நிலம், நீர், போக்குவரத்து மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தபின், படித்தவனையும் படிக்காதவனையும் அங்கே அனுப்புவதுதான் நிருவாகத்துக்கு எளிய யோசனையாகத் தெரிந்தது. வன்னியில் இளைஞருக்கு வேலை தேடும் அரசாங்க முயற்சிகளின் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது. அடுத்து வந்த அரசாங்கங்கள் எல்லாம் இதே யோசனையை வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப எடுத்தன.

இந்த யோசனைக்குச் சட்ட வடிவம் தந்தது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். விவசாய, காணி அமைச்சராக இருந்த டி. எஸ். சேனாநாயக்காவின் கைவண்ணம் அது. முடிக்குரிய காணியை அரசாங்கம் விற்காமல், அனுமதிப்பத்திரத்தின் பேரில் கமக்காரனுக்குக் கொடுக்கும். அவன் அதை விற்க முடியாது, கண்டபடி அடகு வைக்க முடியாது, அனுமதித்த அளவுக்குக் கீழே துண்டாக்க முடியாது. வட்டிக்காரனும் வியாபாரியும் ஏழையின் நிலத்தைப் பறித்துவிடக் கூடாது என்பதே நோக்கம், நல்ல நோக்கம்தான். நாட்டின் ஆரம்பகாலக் குடியேற்றங்களில் ஒரு குடும்பத்துக்கு 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுநிலமும் கிடைத்தன. பின்னர் இந்த அளவு படிப்படியாகச் சுருங்கியது.

ஆனால் பின்னுரித்தாளர் என்று பொதுவாக ஒருவர் பெயரைத்தான் பத்திரத்தில் எழுதலாம். எழுதாமல் காலமாகிவிட்டால் சட்டத்தின் வரிசைப்படி நிலம் போகும். அந்த வரிசையில் மகளுக்கு முன்னே மகன், இளையவனுக்கு முன்னே மூத்தவன். ஐந்து பிள்ளைகள் பெற்ற குடியேற்றவாசியின் மற்ற நான்கு பிள்ளைகளும் அதே வாய்க்கால் கரையில் வளர்ந்து, அதே வயலில் வேலை செய்து, சட்டத்தின் கண்ணில் காணியற்றவர்களாக நின்றார்கள். காணியற்றவருக்குக் காணி கொடுக்க எழுந்த திட்டம், ஒரு தலைமுறைக்குள் காணியற்றவர்களைத் தானே உண்டாக்கியது. கிளிநொச்சியைச் சுற்றியுள்ள மேட்டுநிலங்களிலும் குள ஒதுக்குப் பகுதிகளிலும் பின்னாளில் பெருகிய அனுமதியற்ற குடியிருப்புகளில் ஒரு பங்கு, இந்த இரண்டாம் தலைமுறையின் வேலை.

குடியேற்றம் உடனே செழித்துவிடவும் இல்லை. 1934–35இல் நாடெங்கும் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்ற மலேரியாவின் நினைவு ஆறாத காலம் அது. வன்னிக்குப் போவது என்றால் காய்ச்சலுக்குப் போவது என்றே குடாநாட்டில் பொருள்கொண்டார்கள். 1946–47இல் டி.டி.டி. தெளிக்கத் தொடங்கிய பின்னர்தான் நிலைமை திரும்பியது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இரணைமடு அணை உயர்த்தப்பட்டது. மல்லாவிப் பக்கம் வவுனிக்குளம், ஒட்டுசுட்டானுக்கு அருகே முத்தையன்கட்டு, வவுனியாவுக்கு மேற்கே பாவற்குளம் ஆகிய பழைய குளங்கள் திருத்தப்பட்டன. பரந்தனில், ஆனையிறவு உப்பை மூலப்பொருளாகக் கொண்டு கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்யும் இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. 1950களின் வன்னிக்கு வேலை தேடி ஆள் வந்தது. இந்தத் தொடரில் அப்படிச் சொல்ல முடிகிற காலங்கள் அதிகம் இல்லை.

இதே வேளையில் பிரச்சினையின் உருவம் மாறிக்கொண்டிருந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. தாய்மொழி வழிக் கல்வி பரவியது. மத்திய மகா வித்தியாலயங்கள் கிராமத்துப் பிள்ளைகளை எஸ்.எஸ்.சி. வரையும் அதற்கு மேலும் கொண்டுவந்தன. பாடசாலை கற்பித்ததோ பெரும்பாலும் எழுதுவினைஞர் வேலைக்கான பாடம். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில (அரசாங்கத்தில்) மேய்க்க வேணும் என்ற பேச்சு வெறும் பகிடியாக இருக்கவில்லை. ஓய்வூதியமும் ரயில்வே வாறண்டும் சீதனச் சந்தையில் மாப்பிள்ளையின் விலையும் அதற்குள் இருந்தன. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியானபோது தமிழ் இளைஞருக்கு அந்தக் கதவு ஒடுங்கத் தொடங்கியது. 1960களில் வேலை தேடி நின்றவர் 1936இல் குடியேறிய கமக்காரர் போன்றவரல்லர். கையில் பரீட்சைச் சான்றிதழ் இருந்தது. மண்வெட்டி பிடித்த அனுபவம் பலருக்கு இல்லை.

1965இல் அமைந்த டட்லி சேனாநாயக்காவின் அரசாங்கம் உணவு உற்பத்தியைத் தன் முதல் வேலையாகச் சொல்லிக்கொண்டது. காணி, நீர்ப்பாசன, மின்சக்தி அமைச்சராக சி. பி. டி சில்வா இருந்தார். அரசாங்கம் அமைவதற்கு முன் 1965 மார்ச் 24இல் டட்லியும் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் செய்துகொண்ட உடன்பாட்டில் காணி பற்றிய ஒரு பிரிவு இருந்தது. வடக்கு, கிழக்குக் குடியேற்றங்களில் முதலில் அந்தந்த மாவட்டத்தின் காணியற்றோருக்கும், அடுத்து அவ்விரு மாகாணங்களின் தமிழ் பேசும் மக்களுக்கும், அதன் பின்னரே ஏனையோருக்கும் இடம் என்பது அதன் சாரம். இந்தப் பின்னணியில்தான், நாடளாவிய ஒரு புதிய முயற்சி 1960களின் பிற்பகுதியில் வன்னிக்குள்ளும் வந்தது. ஊரவர் அதற்கு வைத்த பெயர் படித்த வாலிபர் திட்டம்.

முத்தையன்கட்டும் விசுவமடுவும் வன்னியில் இத்திட்டத்தின் பெயர்பெற்ற இடங்கள். விசுவமடு பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், இன்றைய முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. பழைய குடியேற்றத்துக்கும் இதற்கும் இடையே மூன்று வேறுபாடுகள் இருந்தன. முதலாவது ஆள்: வயதான குடும்பஸ்தனை விட்டு, பாடசாலை முடித்து வேலையின்றி இருந்த இளைஞன் தெரிவானான். இரண்டாவது பயிர்: நெல்லை விட்டு மிளகாய், வெங்காயம் போன்ற உபஉணவுப் பயிர். மூன்றாவது நீர்: வாய்க்கால் பாய்ச்சல் எட்டாத மேட்டுநிலத்துக்குக் குளத்து நீரை இயந்திரத்தால் ஏற்றிப் பாய்ச்சும் முறை. கிடைத்த காணி சில ஏக்கர்தான், பழைய குடியேற்றக் காணியிலும் சிறியது. ஆனால் தோட்டப்பயிருக்கு அது போதும். குடாநாட்டில் சில பரப்பில் கிணறு வெட்டி, துலா மிதித்து, வெங்காயம் விளைவித்துப் பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்களில் பிறந்தவர்களுக்குச் சில ஏக்கர் மிளகாய்த் தோட்டம் சின்ன விஷயமன்று. படிப்பாலும் வயதாலும் புதியவர்களாக இருந்தபோதும், பயிர்செய்கை பலருக்கு வீட்டுக்குள் கண்ட தொழில்தான். இதே திட்டம் நாட்டின் வேறு சில இடங்களில் தள்ளாடியபோது வன்னியில் காலூன்றியதற்கு இது ஒரு காரணம்.

மிளகாய் ஆளைக் கேட்கும் பயிர். மாரி மழை ஓய்ந்தபின் நாற்று நட்டு, கோடை முழுவதும் நாள் விட்டு நாள் நீர் கட்ட வேண்டும். களை பிடுங்க வேண்டும். இலை சுருண்டால் மருந்தடிக்க வேண்டும். பழம் ஒரே நாளில் பழுக்காது. தவணை தவணையாகப் பறித்து, வெயிலில் பரப்பி, பனி படாமல் அள்ளி மூடி, செத்தலாக்கி, சாக்கில் கட்டி லொறிக்கு ஏற்றும்வரை கை ஓயாது. ஓர் ஏக்கர் நெல்லுக்குத் தேவையான ஆட்களைவிடப் பல மடங்கு ஆட்கள் ஓர் ஏக்கர் மிளகாய்க்கு வேண்டும். வேலைவாய்ப்புக் கண்ணோட்டத்தில் இதைவிடப் பொருத்தமான பயிர் அந்த மண்ணுக்குக் கிடைத்திராது. திட்டத்தில் காணி பெற்றவர் எண்ணிக்கை பெரிதன்று. ஒவ்வொரு தோட்டத்தையும் சுற்றிப் பழம் பறிக்கும் பெண்கள், நீர் கட்டும் கூலியாட்கள், இயந்திரம் திருத்துவோர், சாக்கு வியாபாரி, லொறிக்காரர், தேநீர்க் கடைக்காரர் எனப் பிழைத்தவர்களையும் சேர்த்து எண்ணினால்தான் உண்மையான கணக்கு வரும்.

அப்படியிருந்தும் முதற்சில ஆண்டுகளில் இத்திட்டத்தை எவரும் பெரிய வெற்றி என்று சொல்லவில்லை. காணியை எடுத்துவிட்டு அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் உண்டு. தம்பியையோ கூலியாளையோ தோட்டத்தில் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர்களும் உண்டு. நிலைமையைத் திருப்பியது 1970க்குப் பின் வந்த விலை.

1970 மே தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்கா தலைமையில் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. அந்நியச் செலாவணி கையில் இல்லை. ஓராண்டு முடிவதற்குள், 1971 ஏப்ரல் 5இல், தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தது. அதில் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் சிங்களம் வழியே படித்து வேலை கிடைக்காத கிராமத்து இளைஞர்கள். அதே ஆண்டு, அரசாங்கத்தின் அழைப்பின் பேரில், பொருளியலாளர் டட்லி சீயர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் அமைப்பின் குழு இலங்கையின் வேலையில்லாப் பிரச்சினையை ஆராய்ந்து அறிக்கை தந்தது. வேலையற்றோர் ஐந்து இலட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பங்கு இளைஞர், அதிலும் படித்தவர். வேலைகளின் எண்ணிக்கை போதாது என்பதோடு, கல்வி ஊட்டிய எதிர்பார்ப்புக்கும் நாட்டில் உள்ள வேலைக்கும் பொருத்தமில்லை என்பது அந்த அறிக்கையின் மையமான முடிவு. அறிக்கையின் பெயரே வாய்ப்பையும் எதிர்பார்ப்பையும் பொருத்துவது பற்றியது. மேசை வேலைக்கும் கைவேலைக்கும் இடையே உள்ள சம்பள, மதிப்பு இடைவெளி குறைய வேண்டும் என்று அது வாதிட்டது.

அரசாங்கம் இரண்டு பக்கமும் கை வைத்தது. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் பழைய சாதாரண தரப் பரீட்சையை எடுத்துவிட்டுப் புதிய சான்றிதழைக் கொண்டுவந்து, பாடசாலைக்குள் தொழில்முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது. மீன்பிடியும் மட்பாண்டமும் கமமும் கரும்பலகைக்கு வந்தன. பெற்றோர் இதை விரும்பவில்லை. 1977க்குப் பின் அது கைவிடப்பட்டது. 1972–76 ஐந்தாண்டுத் திட்டம் 8,10,000 வேலைகளை இலக்காக வைத்தது. அந்த இலக்கு தொலைவில் நின்றுவிட்டது.

இவற்றுக்கிடையே, வேலைவாய்ப்புக் கொள்கை என்று எவரும் பெயரிடாத ஒரு முடிவு வன்னியைத் தலைகீழாக மாற்றியது. செலாவணியை மிச்சம் பிடிக்க மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1973–74இல் உலகச் சந்தையில் உணவும் எண்ணெயும் விலையேறியபோது கட்டுப்பாடு மேலும் கடினமாயிற்று. இந்தியச் செத்தல் வராத நாட்டில், குழம்பு வைக்கும் ஒவ்வொரு வீடும் யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் பார்த்து நின்றது. மிளகாய் விலை முன்பு எவரும் கண்டிராத உயரத்துக்குப் போனது. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் ஒரு போகத்துத் தோட்ட வருமானம், அரசாங்க எழுதுவினைஞரின் ஆண்டுச் சம்பளத்தை எளிதாக மிஞ்சியது. கல்வீடு எழுந்தது; உழவு இயந்திரம் வந்தது; மோட்டார் சைக்கிள் வந்தது. காணியை விட்டுப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். திட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள் தாமாகவே காடு வெட்டினார்கள்.

சீயர்ஸ் குழுவின் முடிவோடு இந்த இடத்தைப் பொருத்திப் பார்க்க வேண்டும். படித்த இளைஞன் கைவேலையை இழிவாக நினைக்கிறான், அதனால்தான் வேலையற்றிருக்கிறான் என்ற விளக்கம் அன்றும் இன்றும் செல்வாக்கானது. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் மிளகாய் விலை உயர்ந்த ஐந்தாறு ஆண்டுகளில் வன்னியின் படித்த வாலிபர் சேற்றில் இறங்கத் தயங்கவில்லை. மனப்பான்மையை மாற்றப் பாடசாலையில் புகுத்திய தொழில்முன்னிலைப் பாடம் செய்யாததை, ஓர் அந்தர் செத்தலின் விலை செய்தது. இழிவாக நினைத்தது கைவேலையை அன்று, கைவேலையின் வறுமையை என்று சொல்வதே பொருத்தம்.

இந்தச் செழிப்பின் நிழலில் நின்றவர்களையும் சேர்த்தே எழுத வேண்டும். இதே ஆண்டுகளில் மலையகத் தோட்டங்களில் பட்டினி நிலவியது. அரிசிப் பங்கீடு குறைந்தது, மா கிடைக்கவில்லை, தோட்டங்கள் அரசுடைமையானபோது பல குடும்பங்கள் வேலையும் லயமும் இழந்தன. அவர்கள் ரயிலேறி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இறங்கினார்கள். மிளகாய் பறித்த கைகளில் பெரும்பங்கு அவர்களுடையது. 1977 ஓகஸ்ட் கலவரத்தின் பின் இந்த வருகை பல மடங்கானது. பாரதிபுரம், மலையாளபுரம், சாந்தபுரம் போன்ற கிளிநொச்சிக் குடியிருப்புகள் பெரிதும் அவர்களால் ஆனவை. படித்த வாலிபருக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்தது. அவர் தோட்டத்தில் கூலி செய்தவருக்குக் காணியும் இல்லை, பலருக்குக் குடியுரிமையும் இல்லை. வன்னியின் இளைஞர் வேலைவாய்ப்பைப் பற்றிய அரசாங்கக் கணக்குகளில் இந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் நீண்ட காலம் தென்படவில்லை.

பல்கலைக்கழக வாசலிலும் இதே ஆண்டுகளில் ஒரு மாற்றம். 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலும், 1974இல் சேர்ந்த மாவட்ட ஒதுக்கீடும் தமிழ் மாணவரைக் கடுமையாகத் தாக்கின. தமிழர் அரசியலில் அதன் விளைவு பலமுறை எழுதப்பட்டதுதான். வன்னிக்குள் அது ஒரே மாதிரி விழவில்லை என்பது அதிகம் பேசப்படாதது. வவுனியா அன்று பின்தங்கிய தனி மாவட்டம். மாவட்ட ஒதுக்கீடு அதன் மாணவருக்கு ஓரளவு வழி திறந்தது. கிளிநொச்சியோ 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்துள் அடங்கியிருந்தது. ஆய்வுகூடம் இல்லாத குடியேற்றப் பாடசாலையில் படித்த பிள்ளை, யாழ்ப்பாண நகரின் பெரிய கல்லூரிகளோடு ஒரே பட்டியலில் போட்டியிட வேண்டியிருந்தது. மாவட்டம் என்ற அலகு யாருக்கு உதவும் என்பதை நிருவாக எல்லைக் கோடு தீர்மானித்தது.

1977 ஜூலையில் ஜே. ஆர். ஜயவர்த்தனா ஆட்சிக்கு வந்தார். அந்த நவம்பரின் வரவுசெலவுத் திட்டம் இறக்குமதியைத் திறந்துவிட்டது. துறைமுகத்தில் மலிவான செத்தலும் வெங்காயமும் இறங்கின. வன்னித் தோட்டக்காரருக்குக் கிடைத்த விலை சரிந்தது. உரம், மருந்து, எண்ணெய் ஆகியவற்றின் செலவோ ஏறியது. நுகர்வோருக்கு இது நிம்மதி. வரிசையில் நின்று களைத்த நாடு அதைக் கொண்டாடியது. கொண்டாடியதில் தவறும் இல்லை. ஆனால் கொழும்பில் உருவான திறந்த பொருளாதாரத்தின் புதிய வேலைகள், 1978இல் தொடங்கிய கட்டுநாயக்கா முதலீட்டு ஊக்குவிப்பு வலயமும் துரிதப்படுத்திய மகாவலித் திட்டமும், வன்னிக்கு ஈடாக எதையும் கொண்டுவரவில்லை. இழந்தது இங்கே, பெற்றது அங்கே. விசுவமடுவில் காணி அப்படியே இருந்தது, குளம் இருந்தது, நீரிறைக்கும் இயந்திரம் இருந்தது, படித்த வாலிபரும் இருந்தார். விலை மட்டும் இல்லை. சிலர் நெல்லுக்கு மாறினார்கள். சிலர் மத்திய கிழக்குக்கு முகவரைத் தேடினார்கள். அவர்களின் தம்பிமார் அரசியல் கூட்டங்களில் நிற்கத் தொடங்கினார்கள். தமிழ் இளைஞர் ஆயுதம் ஏந்தியதற்கு மிளகாய் விலைதான் காரணம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். அதை முற்றாக விட்டுவிட்டு எழுதும் வரலாறும் முழுமையாகாது.

அரசாங்கம் விலகிய இடத்தில் தனியார் தொண்டு ஒன்று சில ஆண்டுகள் நின்றது. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் எஸ். இராஜசுந்தரம் ஆகியோர் நடத்திய காந்தீயம் இயக்கம் வவுனியாவை மையமாகக் கொண்டது. 1977இல் அகதிகளாக வந்த மலையகக் குடும்பங்களை எல்லைக் கிராமங்களில் குடியமர்த்தி, பண்ணை, பாலர் பாடசாலை, சுகாதாரப் பணி என்று இளைஞரையும் இளம்பெண்களையும் பயிற்றி ஊர்களுக்கு அனுப்பியது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதாயினர். இராஜசுந்தரம் அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். 1984 இறுதிக்குள் மணலாற்றுப் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து அந்தக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டிருந்தன.

போர்க்காலத்தை இந்தப் பொருளில் சுருக்கமாகவே சொல்லலாம். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையும் நின்றுபோயின. 1990க்குப் பின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் யூரியாவும் கிடைக்காமற்போக, ஏற்றுநீர்ப் பாசனம் செய்த தோட்டங்கள் மாரி மழையை நம்பும் நிலைக்கு இறங்கின. விடுதலைப் புலிகளின் நிருவாகம் தன் பண்ணைகளிலும் காவல்துறையிலும் நீதிமன்றங்களிலும் வணிக நிலையங்களிலும் ஆட்களை வைத்துச் சம்பளம் கொடுத்தது. போராளிகளைச் சேர்த்துப் பார்த்தால், வன்னி இளைஞரின் மிகப் பெரிய எசமான் அதுவே. 2002இல் கண்டி–யாழ்ப்பாண ஏ9 வீதி திறந்து 2006இல் மூடப்படும்வரை ஒரு சிறு மூச்சு. 2009 மே மாதத்தில் எல்லாம் முடிந்தபோது, தோட்டத்தோடு வீட்டையும் இழந்து, செட்டிகுளம் மெனிக்பாம் முகாம்களில் இளைஞர் இருந்தனர். ஏறத்தாழ 12,000 பேர் முன்னாள் போராளிகள் என்று புனர்வாழ்வுக்குச் சென்றனர்.

போருக்குப் பின் அரசாங்கத்தின் விடை நிலத்திலிருந்து சம்பளத்துக்கு நகர்ந்தது. வடக்கின் வசந்தம் என்ற திட்டம் வீதியும் மின்சாரமும் பாலமும் கட்டியது. கட்டிய வேலையில் உள்ளூர் இளைஞரின் பங்கு குறைவு என்ற முறைப்பாடு தொடர்ந்து எழுந்தது. கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். நிறுவனத்தின் ஆடைத் தொழிற்சாலைகளும், வவுனியாவில் ஒமேகா லைனும் பல ஆயிரம் இளம்பெண்களுக்கு மாதச் சம்பளம் தந்தன. கிராமத்துக் கிராமம் வந்துபோகும் தொழிற்சாலை பஸ் வன்னியின் புதிய காட்சியாயிற்று. ஆண்களுக்கு அதற்கு ஈடான ஒன்று எழவில்லை. மேசன் வேலையும் முச்சக்கரவண்டியும் மணல் ஏற்றலும்தான் பெரும்பாலும்.

அந்த வெற்றிடத்தில் பெரிய அளவில் ஆளெடுத்தது சிவில் பாதுகாப்புத் திணைக்களம். பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள அத்திணைக்களம் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் முன்னாள் போராளிகள் உட்பட ஆயிரக்கணக்கானோரைத் தன் பண்ணைகளுக்கும் முன்பள்ளிகளுக்கும் சேர்த்தது. இத்திணைக்களப் பண்ணைகளுக்கு விசுவமடுவே முக்கிய மையமாயிற்று. சுயமாகப் பயிரிடப் படித்த வாலிபருக்குக் காணி பிரித்துக் கொடுத்த அதே சுற்றாடலில், நாற்பது ஆண்டு கழித்து, அடுத்த தலைமுறை அரசாங்கப் பண்ணையில் மாதச் சம்பளத்துக்குத் தோட்டம் செய்தது. 2018 ஜூனில் அங்கு திணைக்களப் பொறுப்பில் இருந்து இடமாற்றம் பெற்ற கேணல் ரத்னப்பிரிய பந்துவை ஊரவர் மாலையிட்டுத் தோளில் தூக்கி அழுது வழியனுப்பிய காட்சி நாடெங்கும் பரவியது. தெற்கில் சிலர் அதை நல்லிணக்கத்தின் சான்று என்றார்கள். வடக்கில் சிலர் அவமானம் என்றார்கள். அந்தக் கண்ணீருக்கு அந்த மனிதரின் நடத்தை ஒரு காரணம். தவறாமல் வரும் சம்பளம் இல்லாத ஊரில் தவறாமல் வந்த சம்பளம் இன்னொரு காரணம். இரண்டாவதைப் பற்றி இரு தரப்பும் அதிகம் பேசவில்லை. முன்பள்ளி ஆசிரியைகள் பாதுகாப்பு அமைச்சின் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டுமா என்ற கேள்வி மாகாண நிருவாகத்தோடு நெடுநாள் இழுபட்டது.

வறுமைக் கணக்கு இக்காலத்தில் மாறி மாறி அடித்தது. அரசாங்கப் புள்ளிவிவரப்படி 2012/13இல் நாட்டிலேயே வறுமை கூடிய மாவட்டம் முல்லைத்தீவு, 28.8 சதவீதம். 2016இல் அது 12.7 சதவீதமாக இறங்க, 18.2 சதவீதத்தோடு கிளிநொச்சி முதலிடத்துக்கு வந்தது. வவுனியா இரு தடவையும் 4 சதவீதத்துக்குக் கீழ். ஒரே வன்னி என்று பேசப்படும் நிலப்பரப்பில் இவ்வளவு இடைவெளி. ஏ9 வீதியில் சந்திப்பு நகரமாக நிற்கும் வவுனியா, போர்க்காலத்திலும் வியாபாரத்தையும் அரசாங்க அலுவலகங்களையும் இழக்கவில்லை. மற்ற இரண்டும் எல்லாவற்றையும் இழந்தன.

படித்தவர் பிரச்சினையும் கூடவே வந்தது. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்களும், 2016இல் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் அமைந்தன. இந்தக் கடைசி நிறுவனம் மோட்டார் வாகனம், மின்னியல், உணவுத் தொழில்நுட்பம் போன்ற துறைகளில் ஆளைத் தேர்ச்சிபெறச் செய்கிறது. தேர்ந்தவருக்கு வேலை பெரும்பாலும் மேல் மாகாணத்தில் அல்லது கடல் கடந்து. கலைப் பட்டதாரிகளோ அரசாங்க நியமனத்துக்குக் காத்திருந்தார்கள். 2017இல் வட மாகாண வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன் மாதக்கணக்கில் அமர்ந்திருந்தார்கள். 2020இல் நாடளாவிய ரீதியில் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகள் பயிலுநர்களாக உள்வாங்கப்பட்டார்கள். பிரதேச செயலகங்களில் கதிரை போதாமல் போன அந்த நியமனங்களைப் பொருளாதாரக் கொள்கை என்று அழைப்பது கடினம்.

மிளகாய்க் காலத்தோடு ஓரளவு ஒப்பிடத்தக்க முயற்சி ஒன்று மட்டும் உண்டு. 2010களில், சீயர்ஸ் அறிக்கையைத் தந்த அதே சர்வதேசத் தொழில் அமைப்பு, அவுஸ்திரேலிய உதவியோடு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் கூட்டுறவுச் சங்கங்களை மையமாக வைத்து வேலை செய்தது. வவுனியா வடக்கில் ரெட் லேடி இனப் பப்பாசி நட்டு, சங்கத்தின் ஊடாக ஏற்றுமதியாளருக்கு முன்கூட்டிய உடன்பாட்டில் விற்றார்கள். இங்கே இறக்குமதிக்கு நாட்டை மூடாமல், வாங்குபவரை முதலில் பிடித்து, பிறகு பயிர் நட்டார்கள். அளவு சிறியது, ஆனால் 1960களின் திட்டம் காணியைப் பிரித்த பிறகு சந்தையைப் பற்றி யோசித்ததையும், இது சந்தையிலிருந்து தொடங்கியதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

காணிச் சட்டமும் கடைசியில் அசைந்தது. 1935ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் பின்னுரிமை வரிசையில் ஆணுக்குக் கொடுத்த முன்னுரிமை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது. 2024இல் தொடங்கிய உறுமய திட்டம் அனுமதிப்பத்திரக் காணிகளுக்கு முழு உரித்துள்ள உறுதி வழங்கும் என்றது. முழு உரித்து என்றால் விற்கலாம், வங்கியில் ஈடு வைக்கலாம். மிளகாய்த் தோட்டம் செய்தவர்களின் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த உறுதியை வைத்துக் கடன் எடுத்து அதே நிலத்தில் பயிர் செய்வார்கள், எத்தனை பேர் விற்றுவிட்டு விமான ரிக்கெற் எடுப்பார்கள் என்பதைச் செத்தல் விலையும் பப்பாசி விலையும் மீண்டும் தீர்மானிக்கும்.